நானாவின் அரை நோன்பு

உங்கள் உம்மாவும் நானும் இல்லாத காலத்தில், எங்கள் மூத்த மகனான உங்கள் நானாவைக் குளிக்க வைக்கவும் அவருக்கு மருந்துக் குளிசை கொடுக்கவும் யாரோ ஒருவர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். வருபவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான். அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. படகு எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டிவிடுவேன். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஊரோடு இடம்பெயர்ந்து புத்தளத்துக்குப் போனோம். அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பிழை இருந்தால் பெரிய மகள் திருத்தி வாசிக்கட்டும், சின்ன மகளுக்கு விளங்காத இடத்தை விளங்கப்படுத்தட்டும்.

நானா பிறந்தது புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில். பிறந்தவுடன் அவர் அழவில்லை. மருத்துவம் பார்த்த பெண் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு சத்தம் வந்தது, பூனைக்குட்டி கத்துவது போல. நடப்பது பிந்தியது. பேச்சு இன்னும் பிந்தியது. வலிப்பு மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது. பிறகு சொந்த ஊரான எருக்கலம்பிட்டிக்குத் திரும்பினோம், வீடு கட்டினோம், நீங்கள் பிறந்தீர்கள். அவருக்குத் தாடி வந்தது. உடம்பு என்னைவிடப் பெருத்தது. உம்மாவின் முதுகு குனிய முடியாமல் போனது. காலையில் படகுகள் கரைக்கு வரும் நேரம் நான் அங்கே நிற்க வேண்டும். எஞ்சின் பழுதானவர்கள் என்னைத் தேடும் நேரம் அது. அப்போதுதான் வீட்டுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

மன்னார்ப் பட்டினத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு உதவுகிற ஒரு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஞாயிறு தவிர மற்றக் காலைகளில் ஒருவரை அனுப்பினார்கள். குளிக்க வைப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாட்டோடு குளிசை கொடுப்பது, இவைதான் வேலை.

முதலில் வந்தவரைப் பெரிய மகளுக்கு நினைவிருக்கும். சுறுசுறுப்பான பொடியன். வந்தவுடன் கையைக் கழுவுவார், நானாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். வாளி வாளியாக ஊற்றிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் துவாயால் துடைத்துச் சாரத்தைக் கட்டிவிட்டுத் தலையையும் சீவிவிடுவார். லொறி கழுவுகிற வேகம். நானா கைகளை மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். வேலை முடிந்த பிறகு அவரைப் பார்த்தால் பெருநாள் காலை மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டார், "மகன் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாரே, பொண்ணு பாக்கலாமோ?" என்று கேலி பண்ணுவார்கள். உம்மாவுக்கும் எனக்கும் பெருமைதான்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று அந்தப் பொடியன் லீவு. நானா சாரத்தை இடுப்பில் சுற்றிவிட்டு, கைகளைத் தூக்கியபடி அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். யாராவது வந்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள் என்று காத்துக்கொண்டு. உம்மா வாசற்படியில் நின்று பார்த்தார்.

"இவர் முந்தித் தானாத்தானே சாரம் உடுத்துவாரு?" என்று என்னைக் கேட்டார்.

ஓம், உடுத்துவார். அந்த முடிச்சைப் பழக்க உம்மா எத்தனை வருடம் பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். ஊரே மெச்சிய சுத்தத்துக்குள் அது கரைந்து போயிருந்தது.

அடுத்து வந்தவர் மரியாதையான ஆள். நானாவைக் கதிரையில் இருத்தி, கையில் தன் தொலைபேசியைக் கொடுத்துவிடுவார். நானா அசையாமல் படம் பார்த்துக்கொண்டிருப்பார். திட்டவில்லை, அடிக்கவில்லை, அதனால் எங்களுக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகளே, இதைக் கவனமாக வாசியுங்கள். இப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டார், படலைக்குள் கால் வைக்கிற எவருக்கும் உடனே நன்றி சொல்லப் பழகிவிடுவார்கள். நன்றி சொன்ன வாயால் பிறகு கேள்வி கேட்பது கஷ்டம். நீங்கள் கொஞ்சம் பிந்தியே நன்றி சொல்லுங்கள்.

மூன்றாவதாக வந்தவர் மன்னார்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், பெரியமடுப் பக்கத்து வயல் ஊர்க்காரர். இந்துச் சமயம். என்னைவிடச் சில வயது இளையவர். பழைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"முதலாளி நிக்கிறாரோ?" என்று கேட்டார்.

"நான்தான், சொல்லுங்கோ" என்றேன்.

"நீங்கள் இல்லை அண்ணை. நான் ஆரிட்டை வேலைக்கு வந்தனானோ, அந்த முதலாளி."

நானா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். தன்னைத்தான் சொல்கிறார் என்று விளங்கியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். அந்த நடையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்த மனிதரின் வேலை முதலில் உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கிணற்றடியில் குந்தி இருந்துகொண்டு, "முதலாளி, சவர்க்காரத்தை எங்கை வைச்சனீங்கள்?" என்று கேட்பார். சவர்க்காரம் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும். நானா யோசிப்பார். அவரும் காத்துக்கொண்டிருப்பார். காகம் கத்தும், வெயில் ஏறும். நானா சவர்க்காரத்தை எடுத்துக் கொடுத்ததும், "இனி எந்தக் கை?" என்பார். மறுபடி யோசனை.

குசினிக்குள் இருந்து உம்மா சத்தம் போட்டார்: "தம்பி, இப்படிக் கேட்டுக் கேட்டுக் குளிக்க வச்சா லுஹர் பாங்குக்கும் முடியாது!"

"லுஹருக்கு முடியாட்டி அசருக்கு முடியும் அக்கா."

நண்பகல் லுஹருக்குப் பிறகு பின்னேரம் அசர் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. உம்மா சிரித்துவிட்டார். சில மாதங்களில் சார முடிச்சு திரும்ப வந்தது. கோணலாகத்தான் வந்தது, ஆனால் அவிழவில்லை. நானா அவருக்கு 'வயல்' என்று பெயர் வைத்தார். "வயல் வந்தாச்சு" என்று காலையில் படலையடியில் நின்று அறிவிப்பார்.

இனி நோன்புக் கதைக்கு வருகிறேன். இதில் ஒரு பகுதி சின்ன மகளுக்குத் தெரியும், மற்றப் பகுதி தெரியாது.

உங்கள் இருவருக்கும் சிறு வயதில் அரை நோன்பு இருந்தது. விடியுமுன் சகர்ச் சாப்பாட்டுக்கு எங்களோடு எழும்புவீர்கள். லுஹர் பாங்கு சொன்னதும் உம்மா சாப்பாடு தருவார். "ரெண்டு அரை சேந்தா ஒண்டு" என்று ஆறுதல் சொல்வார். வயது வந்ததும் அரை முழுதானது. நானாவுக்கு மட்டும் அது அரையாகவே நின்றது. காலையில் சாப்பிட்டுக் குளிசை போடுவார், பகல் சோறும் சாப்பிடுவார். மாலையில் நாங்கள் நோன்பு திறக்கும்போது வந்து மேசையில் இருப்பார். "மகனுக்கும் இண்டைக்கு நோன்பு" என்று சொல்லி அவர் கையிலும் ஒரு பேரீச்சம்பழம் வைப்போம். அவருக்கு நோன்பு கடமையில்லை என்று மௌலவி எப்போதோ சொல்லியிருந்தார். வருடக்கணக்காக அது அப்படியே போய்க்கொண்டிருந்தது.

சின்ன மகளே, நீ முதல்முறை முழு நோன்பு பிடித்த நாள் நினைவிருக்கிறதா? உன் மாமா வட்டிலப்பம் கொண்டுவந்தார். உம்மா உனக்குப் புதுச் சால்வை போட்டு நெற்றியில் முத்தமிட்டார். பாங்கு சொன்னதும் முதல் பேரீச்சம்பழத்தை உன் கையில்தான் வைத்தோம். நானா அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு?" என்றார்.

"உங்களுக்கும்தான் மகன். அரை நோன்பு" என்றேன்.

"அரை" என்று திருப்பிச் சொன்னார். கையில் இருந்த பழத்தை மேசையில் வைத்துவிட்டார். கஞ்சி குடிக்கவில்லை. நாங்கள் உன் சந்தோஷத்தில் இருந்தோம். அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இந்த இடத்தில் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நோன்பு மாதம் பகலில் ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்று ஒரு கூச்சம் உண்டு. வயல்காரருக்கு அந்தக் கூச்சம் எங்களைவிடக் கூட. அந்த மாதம் முழுக்க எங்கள் வீதிக்குள் வந்த பிறகு தன் போத்தல் தண்ணீரைக்கூடத் தொடமாட்டார். நோன்பு தொடங்கிய அன்றே உம்மா அவரிடம் சொல்லியிருந்தார்: "ஆக்கள் வந்து போற வீடு தம்பி, மகனுக்குக் கதவைச் சாத்திட்டுச் சாப்பாடு குடுங்கோ." அவர் கதவைச் சாத்தினார். யன்னலையும் சாத்தினார். எங்கள் மானத்தைத் தன் மானமாக நினைத்துத்தான் சாத்தினார். இதில் ஒரு பிழை இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் படவில்லை.

அந்த நாட்களில் நானா சாப்பிட்டவுடன் வெளியே வந்துவிடுவார். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கும். நேரே படலைக்குப் போவார். அங்கே எங்கள் வீதிக் கழுதைகளில் ஒன்று, காது கிழிந்தது, காத்துக்கொண்டு நிற்கும். பாண் ரொட்டியின் கரை, பழத்தோல் என்று அவர் எப்போதும் அதற்குக் கொடுப்பதுதான். அதனால் நாங்கள் கவனிக்கவில்லை.

ஒரு நாள் நான் கரையில் எஞ்சினைத் திறந்து வைத்திருந்தபோது பெரிய மகள் தொலைபேசியில் அழுதாள். நான் போய்ச் சேர்ந்தபோது நானா கிணற்றடியில், தண்ணீர்த் தொட்டியின் சீமெந்து விளிம்பில் தலை அடிபட்டு விழுந்து கிடந்தார். வலிப்பு அப்போதும் விடவில்லை. உம்மா தன் முந்தானையை அவர் தலைக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தார். அது முழுக்க நனைந்திருந்தது. ஓட்டோ பிடித்துப் பட்டின வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். தையல் போட்டார்கள். கனகாலம் வராத வலிப்பு அது.

"குளிசை ஒழுங்காப் போடுறவரோ?" என்று வைத்தியர் கேட்டார்.

வயல்காரர் எனக்குப் பின்னால் நின்றார். செய்தி கேட்டுத் தன் வேலைகளை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். "என்ரை கையாலை குடுத்தனான் ஐயா. வாழைப்பழத்துக்குள்ளை வைச்சு. விழுங்கினதைப் பாத்தனான்."

வீட்டுக்கு வந்த பிறகு உண்மையைக் கண்டுபிடித்தவள் நீதான், சின்ன மகளே. நீ சிரித்துக்கொண்டு ஓடி வந்தாய். "உம்மா, வந்து பாருங்களேன், நானா வாயில இருந்து எடுத்துக் கழுதைக்கு ஊட்டுறார்!" உம்மா போனார். நானாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். மசிந்த வாழைப்பழத்துக்குள் வெள்ளையாக, பாதி கரைந்த குளிசை. நீ சிரிப்பை நிறுத்தினாய். அந்த நோன்பில் வேளைக்கு வேளை வலிப்பு மருந்து எடுத்தது எங்கள் வீதியில் அந்தக் கழுதை ஒன்றுதான்.

செய்தி நிலையத்துக்குப் போனது. மறுநாள் மேற்பார்வை செய்கிற மிஸ் வந்தார். நல்ல மனுசி, ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்கட ஆள் குடுக்கிற மருந்தை இவர் துப்பினா எங்களால பொறுப்பெடுக்க ஏலாது. இன்னொருக்கா இப்பிடி விழுந்தா என்ன நடக்குமெண்டு டொக்டர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். வீட்டுக்கு ஆள் அனுப்புறதை நிப்பாட்டிப் போட்டு, கொஞ்சக் காலம் இவரைத் தங்கிற இல்லத்துக்கு அனுப்பிறதுதான் பாதுகாப்பு. அது இஞ்ச இல்லை, வேற மாவட்டத்தில."

"பெருநாளுக்கு எண்ட புள்ள வீட்டில இல்லாமலோ?" என்றார் உம்மா.

"பெருநாளோடை முடியுமெண்டும் சொல்லேலாது அம்மா. அங்க போய் ஆள் பழகினாப் பிறகு அங்கயே வைச்சிருப்பினம்."

அந்த இல்லத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மோசமான இடம் இல்லை. கட்டில்கள் வரிசையாக இருக்கும், சுவர் வெள்ளையாக இருக்கும். ஆனால் அங்கே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் குளிப்பு, ஒரே நேரத்தில் சாப்பாடு. சவர்க்காரம் எங்கே என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். நானா அங்கே போனால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. உடம்பு திரும்பினாலும், நெஞ்சை நிமிர்த்தி வந்த அந்த முதலாளி திரும்பமாட்டார்.

வயல்காரர் தலையைக் குனிந்துகொண்டு சுவரோடு நின்றார். மிஸ் எழும்பப் போனார், பிறகு என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு நானா இருந்த பாயில் அவருக்கு எதிரே இருந்தார்.

"குளிசை கைக்குதோ?" என்று அவரிடமே கேட்டார்.

நானா இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப ஏன் துப்பினீங்கள்?"

கனநேரம் பதில் வரவில்லை. மிஸ் மறுபடி கேட்கவில்லை. நானா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். யன்னலையும் சாத்தினார். நாங்கள் எல்லோரும் இருட்டுக்குள் நின்றோம். அவர் மூலையில் முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டு, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துப் பார்த்து, திருடிச் சாப்பிடுவது போலச் செய்து காட்டினார். பிறகு எழுந்து கதவைத் திறந்தார். முன்பக்கம், நாங்கள் நோன்பு திறக்கும் மேசைக்குப் போய்த் தன் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மேசையில் கையால் தட்டினார்.

"இங்க" என்றார். வயல்காரரைப் பார்த்து, "வயல், கதவு வேணாம்" என்றார்.

அந்த மனிதர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மிஸ், "அப்ப இவருக்குப் பிரச்சினை நோன்போ, கதவோ?" என்று கேட்டார்.

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நோன்பும் வேணும், கதவும் வேணாம். அதுதான்."

மிஸ் அன்றைக்கு ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. "விதியெண்டு ஒண்டு இருக்கு. கேட்டுப் பாக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்டிருக்கிறார். கிளினிக்குக்கு எங்களோடு அவரும் வந்தார். வைத்தியர் குளிசை நேரத்தைச் சகருக்கும் நோன்பு திறந்த பிறகுக்குமாக மாற்றித் தந்தார். முதலில் சில நாட்கள் வழமைபோலச் சாப்பிட்டுக்கொண்டு உடம்பு நிதானத்துக்கு வரட்டும் என்றார். பிறகு ஆசையென்றால் ஒரு நாள் பிடித்துப் பார்க்கலாம், தலை சுற்றினால் அந்த நிமிடமே விட வேண்டும் என்று நானாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மௌலவியிடமும் கேட்டேன். "கடமையில்லை, தடையுமில்லை. டொக்டர் சொல்றதுக்கு மேல போகாதீங்கோ" என்றார். நிலையம் வயல்காரரின் நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றியது. அதனால் அவர் காட்டுப் பாதையில், யானைக்குப் பயந்துகொண்டு, மைம்மல் இருட்டில் வீடு திரும்ப வேண்டியிருந்தது. அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மிஸ் சொல்லித்தான் தெரியும்.

சகருக்குக் குளிசையைக் கொடுப்பது எங்கள் பொறுப்பானது. எப்படி விழுங்க வைப்பது என்று உம்மா வயல்காரரிடம் கேட்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவா?

"அது வேண்டாம் அக்கா. உங்களுக்கும் பிறசர் குளிசை இருக்குத்தானே? அவரோடை சேந்து அந்த நேரம் நீங்களும் போடுங்கோ."

அப்படித்தான் செய்தார்கள். உம்மாவும் நானாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே நேரம் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினார்கள். நானா உம்மாவின் தொண்டையைப் பார்ப்பார், உம்மா நானாவின் தொண்டையைப் பார்ப்பார். யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்று தெரியாது. குளிசை மட்டும் உள்ளே போனது.

உடம்பு நிதானத்துக்கு வரும்வரை நானா காலைச் சாப்பாட்டை முன் மேசையில், கதவு திறந்திருக்க, சாப்பிட்டார். பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பிய ஒரு தெரிந்தவர் படலையில் நின்றார்.

"என்ன ராத்தா, நோன்பு நாளில பகிரங்கமாச் சாப்பிடுறாரு?"

"ஓம், அவரு மருந்து போடுற ஆள்" என்றார் உம்மா. "உங்கட வாப்பாவும் சீனி வருத்தத்துக்குச் சாப்பிடுறவர்தானே. அவரு எங்க இருந்து சாப்பிடுறாரு?"

"அவரு… உள் அறையில."

"பாவம்" என்றார் உம்மா.

அந்த மனிதர் படலையை விட்டு நடந்தார்.

பிறகு அந்த நாள் வந்தது. நானா சகருக்கு எல்லோருக்கும் முந்தி எழும்பிவிட்டார். பகல் முழுக்க முன் கதிரையிலேயே இருந்தார். போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு, "நோன்பு" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். லுஹர் பாங்கு சொன்னது. அவர் எழும்பவில்லை. வெயில் மணலில் வெள்ளையாக எரிந்தது. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. நான் அன்றைக்குக் கரைக்குப் போகவில்லை. ஒரு காபரேட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் வயல்காரர் வந்தார். "முதலாளி, பசிக்குதோ?"

"ம்."

"எனக்கு இல்லை. நான் காலமையும் மத்தியானமும் நல்லாச் சாப்பிட்டிட்டுத்தான் வாறன்."

நானா சிரித்தார். காய்ந்த உதட்டில் இரத்தம் கசிந்தது.

அசருக்குப் பிறகு கிணற்றடியில் குளிர்த் தண்ணீர் வார்த்துக்கொண்டு இருந்தபோது, நானா தொட்டி விளிம்பை இறுக்கிப் பிடித்தார். முன்பு தலை அடிபட்ட அதே விளிம்பு. "தலை" என்றார்.

உம்மா தண்ணீர்க் கோப்பையோடு ஓடினார். நானா வாயை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழும்பிவிட்டேன். அவர் தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றிவிட வேண்டும் என்றுதான் என் கை துடித்தது. வயல்காரர் ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கி மெதுவாக நிலத்தில் இருத்தினார். தானும் எதிரே குந்தினார்.

"முதலாளி, டொக்டர் என்ன சொன்னவர்? தலை சுத்தினா என்ன செய்யச் சொன்னவர்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சவர்க்காரத்துக்குக் காத்திருந்தது போல. அவர் கை நானாவின் தோளைவிட்டு எடுபடவில்லை. நானா யோசித்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான யோசனையை நான் கண்டதில்லை. பிறகு கையை நீட்டிக் கோப்பையை உம்மாவிடம் இருந்து தானே வாங்கினார். அங்கே குடிக்கவில்லை. வயல்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்து வந்து, படியில் இருந்து, வீதியில் ஆட்கள் போய்க்கொண்டிருக்கக் குடித்தார். முழுவதும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அரை" என்றார்.

அவர் சொன்னது சரிதான், அது அரைதான். ஆனால் அதைப் பிடித்தவரும் அவர், விட்டவரும் அவர்.

வைத்தியர் கேள்விப்பட்டு, இனி முழு நாள் வேண்டாம் என்றார். நானா தனக்கென்று ஒரு நோன்பு வைத்துக்கொண்டார். நோன்பு மாதத்தில் காலையும் பகலும் முன் மேசையில் இருந்து சாப்பிடுவார். அசர் பாங்கு சொன்னதிலிருந்து சூரியன் மறையும் மஃரிப் பாங்குவரை தண்ணீர்கூட வாயில் படாது. அந்த நேரத்தில் நான் மறந்துபோய் ஒரு கடலை நீட்டினாலும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். குளிசை ஒன்றுகூட அதற்குப் பிறகு கழுதைக்குப் போகவில்லை. இல்லத்தைப் பற்றி மிஸ் மறுபடி பேசவில்லை.

வயல்காரர் இப்போது வருவதில்லை. நிலையத்தில் ஆள் குறைந்தபோது அவரைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் யாரோ ஒரு முதலாளி இருப்பார். நானா கனநாள் காலையில் படலையில் போய் நின்றார். அதற்கு எங்களிடம் மருந்து இருக்கவில்லை. நல்ல ஆள் வருவதும் ஒரு நாள் அவர் போய்விடுவதும் இந்த உதவியில் சேர்ந்தே வருகிறது. நீங்கள் இருவரும் அதையும் தாங்கப் பழக வேண்டும். அவரைப் போன்ற இன்னொருவர் கிடைப்பார் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். வருகிறவருக்கு நானாவிடம் இருந்து பழகும் மனம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வருட நோன்பு தொடங்கிய காலையில் புதிதாக ஒரு தம்பி வந்தார். அடக்கமான பொடியன், எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், என்னை அண்ணன் முறையில் காக்கா என்றார். உம்மா கொடுத்த சாப்பாட்டை முன் மேசையில் வைத்தார், வீதியைப் பார்த்தார், பிறகு எழுந்து போய் முன் கதவைச் சாத்தினார். மரியாதைக்குத்தான். அவரிலும் குறை சொல்வதற்கு இல்லை.

நானா கதிரையைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்தார். மெதுவாக நடந்து போய்க் கதவைத் திறந்தார். காற்றுக்கு அது மூடிவிடாமல் இருக்க வாசலில் கிடந்த ஒரு கல்லையும் காலால் தள்ளி வைத்தார். வந்து தன் இடத்தில் இருந்து பாணைப் பிய்த்தார்.

அந்தத் தம்பி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "என்ன காக்கா, நான் ஏதும் பிழையாச் செய்துட்டேனோ?"

"என்னைக் கேக்காதீங்கோ தம்பி" என்றேன். "அவரையே கேளுங்கோ. மறுமொழி வர நேரம் எடுக்கும். நில்லுங்கோ."